எதோடும் ஒட்டாத அந்தக் கடைசி 130 அமினோ அமிலங்கள்: ஜீனோமில் நச்சு நொதி தேடுவது எப்படி?

கயல்_மண்வாசம்

எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்காக நெல் வயல் மண்ணிலிருந்து ஒரு சூடோமோனாஸ் பாக்டீரியாவைப் பிரித்து, இல்லுமினா வரிசைக் கருவியில் அதன் ஜீனோமைப் படித்திருக்கிறோம். அதில் ஆர்ஹெச்எஸ் என்று பெயர் விழுந்த ஒரு பெரிய புரதம் இருக்கிறது. 1,500 அமினோ அமிலத்துக்குக் கொஞ்சம் குறைவு. பெரும்பகுதி மற்ற சூடோமோனாஸ்களில் இருப்பதோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது. கடைசி 130 மட்டும் பிளாஸ்ட்டில் (ஒத்த வரிசை தேடும் கருவி) எதோடும் ஒட்டவில்லை.

"ஹிட் இல்லையென்றால் விட்டுவிட்டு அடுத்த ஜீனுக்குப் போ" என்கிறார் கைடு. எனக்கு விட மனமில்லை. இது நச்சாக இருக்குமா? கணினியிலேயே எவ்வளவு தூரம் போகலாம்? ஆய்வகத்தில் புரதச் சுத்திகரிப்பு வசதி கிடையாது, ஒரு லேப்டாப்பும் இணையமும்தான்.

ஓரக்கண்

கயல், விட்டுவிடாதீர்கள். முன்பகுதி எல்லோரிடமும் ஒன்றுபோல இருந்து, வால் மட்டும் திரிபுக்குத் திரிபு மாறினால், அதுதான் நீங்கள் தேட வேண்டிய முதல் அறிகுறி.

இந்த வகைப் புரதங்களுக்கு வேலை, பக்கத்தில் நெருக்கியடிக்கும் வேறு பாக்டீரியாவைக் கொல்வது. முன்பகுதி நச்சைச் சுமந்து போய்ச் சேர்க்கும் வாகனம். வால்தான் சரக்கு, பெரும்பாலும் ஒரு நொதி. ஒரு திரிபு டிஎன்ஏவை வெட்டும் வாலை வைத்திருக்கும், இன்னொன்று ஆர்என்ஏவை வெட்டுவதை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் இருக்கும் எல். அரவிந்தின் குழு 2012-ல் ஆயிரக்கணக்கான ஜீனோம்களை ஒப்பிட்டு இந்த அமைப்பை விரிவாக எழுதியது. அந்தக் கட்டுரையில் கணித்த வால்களில் பலவற்றை மற்ற ஆய்வகங்கள் இன்னும் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருக்கின்றன.

ஆர்ஹெச்எஸ் என்றால் இன்னொரு வசதி உண்டு. வாகனம் முடிந்து சரக்கு தொடங்கும் இடத்தில் டிபிஎக்ஸ்ஜி என்ற மோட்டிஃப் (மாறாத சிறு எழுத்து வரிசை) வரும். அஸ்பார்டிக் அமிலம், புரோலின், ஏதோ ஒன்று, கிளைசின். அதை உங்கள் வரிசையில் தேடுங்கள். அதற்குப் பிறகு வருவதை மட்டும் தனியாக வெட்டியெடுத்து அலசுங்கள். முழு நீளத்தையும் பிளாஸ்ட்டில் போட்டால் வாகனத்தின் ஹிட்டுகள் வந்து வாலை மூழ்கடித்துவிடும்.

ஆனால் வாலைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது அதற்கு அடுத்த ஜீன். நச்சு தயாரிக்கும் பாக்டீரியா தானே சாகாமல் இருக்க வேண்டுமே, அதனால் அந்த நச்சை அடக்கும் முறிவுப் புரதத்தின் ஜீனை ஒட்டியே வைத்திருக்கும். பல சமயம் நச்சு ஜீனின் நிறுத்தக் குறியும் முறிவு ஜீனின் தொடக்கக் குறியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஏடிஜிஏ என்ற நான்கு எழுத்துக்குள் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கிவிடும். உங்கள் 130-க்கு அடுத்து சிறிய, பெயரில்லாத ஒரு ஜீன் அதே திசையில் இருக்கிறதா?

பைத்தான்பாண்டி

நான் பயாலஜி ஆள் இல்லை, மென்பொருள். ஏன் இவ்வளவு சுற்று வழி? நச்சு நொதிகளுக்கு வினை மையத்தில் மாறாத எழுத்துகள் இருக்கும் என்று படித்தேன். போட்டுலினம் நச்சு துத்தநாகத்தைப் பிடிக்க ஹெச்-ஈ-எக்ஸ்-எக்ஸ்-ஹெச் என்ற வரிசையை (ஹெச் ஹிஸ்டிடின், ஈ குளுட்டமேட், எக்ஸ் எதுவானாலும் சரி) வைத்திருக்கிறது. ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து அமைப்பைத் தேடும் சூத்திரம்) எழுதி எல்லா ஜீனோமிலும் ஓட்டினால் பத்து நிமிட வேலைதானே?

ஓரக்கண்

பாண்டி, ஓட்டுவதற்கு முன்னால் ஒரு கணக்கு. அந்த ஐந்து எழுத்தில் கட்டாயமானவை மூன்று. இருபது அமினோ அமிலமும் சம அளவில் இருப்பதாக வைத்தால் தற்செயலாகப் பொருந்த வாய்ப்பு 8,000-ல் ஒன்று. ஒரு பாக்டீரியாவில் 4,000 புரதம், ஒவ்வொன்றும் 300 அமினோ அமிலம் என்று வையுங்கள். 12 லட்சம் இடங்கள். அப்படியானால் எந்த நச்சும் இல்லாத ஜீனோமில்கூட சுமார் 150 ஹிட். ஹிஸ்டிடின் உண்மையில் அரிது என்பதால் அது சில பத்துகளாகக் குறையும், அவ்வளவுதான். அதற்கு மேல் நிஜமாகவே துத்தநாகம் பிடிக்கும் சாதாரணப் புரோட்டியேஸ்கள் (புரதம் வெட்டும் நொதிகள்) வேறு வந்து நிற்கும். அவை தெர்மோலைசின் மாதிரி நொதிகள், நச்சு அல்ல. ஆயிரம் ஜீனோமில் ஓட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

மறுபக்கமும் சிக்கல்தான். காலரா நச்சு மாதிரி ஏடிபி-ரைபோஸை (ADP-ribose) ஒட்டும் நொதிக் குடும்பத்தில் வினை மையத்து எழுத்துகள் மிகக் குறைவு. ஒரு ஆர்ஜினின், ஒரு எஸ்-டி-எஸ் (STS) துண்டு, கடைசியில் ஒரு குளுட்டமேட். மற்றதெல்லாம் கரைந்து போயிருக்கும். சாதாரண பிளாஸ்ட் கண்ணுக்கே படாது. அதனால்தான் எழுத்தைவிட மடிப்பை (புரதம் மடங்கும் வடிவத்தை) ஒப்பிடும் ஹெச்ஹெச்பிரெட் மாதிரியான கருவிகள் இங்கே உதவுகின்றன. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் ராட் மெரில் குழு 2010-ல் இப்படித்தான் மடிப்பை வைத்து இந்தக் குடும்பத்தில் பல புதிய நச்சுகளைக் கணித்தது. கணித்ததோடு விடவில்லை. ஜீனை ஈஸ்ட்டுக்குள் போட்டு முடுக்கினார்கள், ஈஸ்ட் வளரவில்லை. வினை மையத்து எழுத்தை மாற்றிவிட்டுத் திரும்ப முடுக்கினால் வளர்ந்தது. எனக்கு அந்த இரண்டாவது சோதனைதான் முக்கியம். முதலாவது மட்டும் இருந்தால், எந்த வேண்டாத புரதத்தை அளவுக்கு மீறித் தயாரித்தாலும் செல் திணறும் என்று யாரும் தள்ளிவிடலாம்.

ஆய்வகத்து_அப்பா

கொஞ்சம் பழைய கதையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காலரா நச்சைக் கண்டுபிடித்தவர் கல்கத்தாவில் சம்புநாத் தே. முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு பக்கமும் கட்டி, அதற்குள் கிருமி வளர்த்த திரவத்தை, கிருமியை வடிகட்டி எடுத்துவிட்டுச் செலுத்தினார். குடல் துண்டு நீர் கோத்து வீங்கியது. 1959-ல் நேச்சரில் வந்தது. கிருமி வேண்டாம், அது சுரந்ததே போதும் என்று காட்டிய சோதனை அது. அந்த நச்சு எந்த நொதி, எதைத் தாக்குகிறது என்று தெரிய இன்னும் பல வருடம் ஆயிற்று.

இப்போது வரிசை தலைகீழ். முதலில் ஜீன் கிடைக்கிறது, நோய் எது என்று பிறகு தேடுகிறோம். காலரா கிருமியான அதே விப்ரியோ காலரேயின் சில திரிபுகளில் இன்னொரு நச்சு ஜீன் ஒளிந்திருந்தது. சூடோமோனாஸின் எக்சோடாக்சின் ஏ போலவே இருந்ததை வைத்துப் பிடித்தார்கள். 2008-ல் மெரில் குழு அதற்கு கோலிக்ஸ் என்று பெயர் வைத்து, டிப்தீரியா நச்சு தாக்கும் அதே புரதத்தை, அதாவது செல்லின் புரதத் தயாரிப்புக்கு வேண்டிய இஎஃப்-2-ஐ, இதுவும் தாக்குகிறது என்று காட்டியது.

என் கேள்வி ஓரக்கண்ணுக்கு. கோலிக்ஸுக்குப் பக்கத்தில் முறிவு ஜீன் எங்கே? போட்டுலினத்துக்கு எங்கே? பக்கத்து ஜீனைப் பார் என்ற உங்கள் சூத்திரம் அங்கே செல்லாதே.

ஓரக்கண்

ஐயா, சரியான இடத்தில் பிடித்தீர்கள். பாக்டீரியாவைக் கொல்லும் நச்சுக்கே முறிவு வேண்டும். அந்த நச்சின் இலக்கு தயாரித்தவனிடமும் இருக்கிறது. நம்மைத் தாக்கும் நச்சுகளுக்கு வேண்டாம். போட்டுலினம் வெட்டுவது நரம்பு செல்லின் புரதத்தை, அது பாக்டீரியாவிடம் கிடையவே கிடையாது. அங்கே வேறு பக்கத்து வீட்டைப் பார்க்க வேண்டும். போட்டுலினம் ஜீனுக்கு அருகில் என்டிஎன்ஹெச் என்ற துணைப் புரதத்தின் ஜீன் இருக்கும், வயிற்றிலும் குடலிலும் நச்சு சிதையாமல் பாதுகாப்பது போல அணைத்துக்கொள்ளும் புரதம் அது.

ஆக அக்கம்பக்கம் எப்போதும் பேசும், எந்த அக்கம்பக்கம் என்பது நச்சின் இலக்கைப் பொறுத்தது.

தேன்மொழி

"பாக்டீரியாவைக் கொல்லும் நச்சுக்கே முறிவு வேண்டும்" என்ற வரியை வைத்தே ஒரு அழகான தேடல் நடந்திருக்கிறது, இங்கே யாரும் சொல்லவில்லை.

பழைய சாங்கர் முறையில் ஜீனோம் படிக்கும்போது டிஎன்ஏவைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஈ. கோலைக்குள் வைத்து வளர்ப்பார்கள். ஏதாவது ஒரு துண்டு ஈ. கோலையைக் கொன்றுவிட்டால் அந்த குளோன் கிடைக்காது, ஜீனோமில் அந்த இடம் ஓட்டையாக நிற்கும். ஓட்டையை அடைப்பது எல்லோருக்கும் தலைவலி. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் இருக்கும் ரோட்டெம் சோரெக் உள்ளிட்டோர் 2007-ல் 79 ஜீனோம்களின் சுமார் 2,46,000 ஜீன்களை எடுத்து, எந்த ஜீன்கள் குளோனாகவே மறுக்கின்றன என்று கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கெடுப்புக்கு யாரும் புதிதாக ஒரு சோதனைக் குழாயைத் தொட வேண்டியிருக்கவில்லை. வரிசை மையங்கள் ஏற்கெனவே செலவு செய்து சேர்த்த கச்சாத் தரவு அப்படியே இருந்தது.

2013-ல் அதையே இன்னொரு படி கொண்டுபோனார்கள். ஒரு ஜீன் தனியாக எந்த குளோனிலும் வரவில்லை, ஆனால் பக்கத்து ஜீனோடு சேர்ந்து வரும்போது மட்டும் வருகிறது என்றால் என்ன அர்த்தம்? முதலாவது நச்சு, இரண்டாவது முறிவு. புரதத்தின் வரிசை எதைப் போல இருக்கிறது என்று பார்க்கவே தேவையில்லை. எதோடும் ஒட்டாத புரதத்துக்குக்கூட இந்த முறை பேசும்.

பைத்தான்பாண்டி

இது பிரமாதம். லாக் ஃபைலில் எது இல்லை என்பதை வைத்து பிழை பிடிப்பது மாதிரி.

சரி, ஆனால் இப்போது வரிசையிலிருந்து புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் இருக்கிறதே. 20 கோடிக்கு மேல் கணித்த வடிவங்கள் சும்மா கிடக்கின்றன. ஒத்த வடிவம் தேடும் ஃபோல்ட்சீக்கில் வடிவத்தைப் போட்டால் விடை வந்துவிடாதா?

ஓரக்கண்

வரும், பாதி விடை. இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

2019-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜான் விட்னி குழு சூடோமோனாஸ் ஏருஜினோசா நச்சு ஒன்றின் வடிவத்தைத் தீர்த்தது. பெயர் டாஸ்1. பார்த்தால் ரெல்ஏ குடும்ப நொதி, பாக்டீரியா பட்டினி கிடக்கும்போது எச்சரிக்கை மூலக்கூறு தயாரிக்குமே, அதே முகஜாடை. வடிவத்தை மட்டும் வைத்து எழுதியிருந்தால் "எச்சரிக்கை மூலக்கூறு தயாரிக்கும் நச்சு" என்று எழுதி முடித்திருப்போம். சோதித்தால், ரெல்ஏ எடுத்துக்கொள்ளும் ஜிடிபி பக்கமே அது போகவில்லை. அடினோசின் வகை மூலக்கூறுகளை எடுத்து, ஏடிபியை (ATP) தின்று தீர்க்கிறது. நிமிடத்துக்கு 1,80,000 மூலக்கூறு வேகத்தில். எதிரி செல்லின் எரிபொருள் வற்றிப்போகிறது.

இன்னொன்று உங்கள் கேஸுக்கே நெருக்கம், கயல். அதே குழு 2022-ல் ஆர்ஹெச்எஸ்பி2 என்ற ஆர்ஹெச்எஸ் நச்சைப் பற்றி எழுதியது. அதுவும் சூடோமோனாஸ்தான். மடிப்பு காலரா நச்சுக் குடும்பம். புரதத்தில் ஏடிபி-ரைபோஸ் ஒட்டும் என்றுதானே நினைப்போம்? அது ஒட்டியது ஆர்என்ஏவில்.

குடும்பப் பெயரைக் கணினி சொல்லும். யாரை அடிக்கிறான் என்பதைச் சொல்லாது. அப்புறம் ஒரு நடைமுறைச் சிக்கல்: ஆல்ஃபாஃபோல்ட் நன்றாக வேலை செய்வது ஒத்த வரிசைகள் நிறைய இருக்கும்போது. கயலின் 130 எதோடும் ஒட்டவில்லை. அங்கேதான் அதன் நம்பிக்கை மதிப்பெண் சரியும். மஞ்சளும் ஆரஞ்சுமாக வந்தால் அந்த வடிவத்தை ஃபோல்ட்சீக்கில் போட்டுக் கிடைப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தேன்மொழி

இதற்கெல்லாம் பயன் என்ன என்று அடுத்து யாராவது கேட்பார்கள், அதனால் முந்திக்கொள்கிறேன். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கதை டிடிடிஏ (DddA) என்ற நச்சின் கதை.

2011-ல் அரவிந்த் குழு டிஅமினேஸ் நொதிகளின் பரிணாமத்தைக் கணினியில் அலசியது. சைட்டோசினின் ஒரு அமைன் தொகுதியைக் கழற்றி யூராசிலாக மாற்றும் நொதிகள் இவை. நம் உடலிலேயே இருக்கின்றன. ஆனால் பாக்டீரியா நச்சுகளின் வால்களில் இவற்றின் ஒன்றுவிட்ட சொந்தங்கள் கூட்டம் கூட்டமாக இருப்பதை அவர்கள் காட்டினார்கள். அப்போது அது வெறும் கணிப்பு.

பிறகு அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் மூகூஸ் ஆய்வகம் அதில் ஒரு குடும்பத்தை எடுத்தது. பர்க்கோல்டேரியா செனோசேபேசியா என்ற பாக்டீரியா ஆறாம் வகைச் சுரப்பு அமைப்பின் வழியாகப் பக்கத்து பாக்டீரியாவுக்குள் செலுத்தும் நச்சு, அதுதான் டிடிடிஏ. வழக்கம்போல ஒட்டியே முறிவு ஜீன். சோதித்தபோது ஒரு விநோதம். அதுவரை தெரிந்த டிஎன்ஏ சைட்டிடின் டிஅமினேஸ்கள் பிரிந்து கிடக்கும் ஒற்றை இழையில்தான் வேலை செய்யும். இது முறுக்கிய இரட்டை இழையிலேயே நேரடியாகக் கை வைத்தது.

ஏன் அது பெரிய விஷயம் என்றால், மைட்டோகாண்டிரியா. நம் செல்லின் மைட்டோகாண்டிரியாவுக்குள் 16,569 ஜோடி நீளத்தில் தனி டிஎன்ஏ இருக்கிறது. அதில் ஒரு எழுத்து பிழையானால் கொடிய நோய்கள் வரலாம். ஜீன் திருத்தும் கிரிஸ்பர் முறைக்கு வழிகாட்டி ஆர்என்ஏ வேண்டும், அதை மைட்டோகாண்டிரியாவுக்குள் கொண்டுபோவதுதான் முட்டுக்கட்டை. மற்ற டிஅமினேஸ்களுக்கு இழையைப் பிரித்துக் கொடுக்கக் கிரிஸ்பர் தேவை. டிடிடிஏவுக்குத் தேவையே இல்லை.

ஆனால் நச்சு நச்சுதானே, அப்படியே உள்ளே விட்டால் கண்ட இடத்தில் எழுத்தை மாற்றிச் செல்லைக் கொன்றுவிடும். பிராட் நிறுவனத்தின் டேவிட் லியூ குழு அதை இரண்டாக உடைத்தது. பாதி பாதியாக இருக்கும்போது இரண்டுமே செயலற்றவை. ஒவ்வொரு பாதியையும் குறிப்பிட்ட டிஎன்ஏ வரிசையைப் பிடிக்கும் ஒரு டேல் புரதத்தோடு கோத்தார்கள். இரண்டு டேல்களும் அடுத்தடுத்து வந்து உட்காரும் இடத்தில் மட்டும் இரண்டு பாதிகளும் சேர்ந்து உயிர் பெறும். 2020 ஜூலையில் நேச்சரில் வந்தது. மைட்டோகாண்டிரியா டிஎன்ஏவில் சி-யை (சைட்டோசின்) டி-யாக (தைமின்) மாற்ற முதன்முதலாகத் துல்லியமான கருவி கிடைத்தது. டி-க்கு அடுத்து நிற்கும் சி-யைத்தான் அது விரும்பும், அந்த வரம்பு உண்டு.

இதற்கு ஒரு பின்கதையும் இருக்கிறது, பாண்டிக்குப் பிடிக்கும். 2023-ல் சீனாவில் காவ் சைசியா குழு டிஅமினேஸ்களை எழுத்து வரிசைப்படி அல்லாமல், ஆல்ஃபாஃபோல்ட் வடிவங்களின்படி கொத்துக் கொத்தாகப் பிரித்துப் பார்த்தது. டிடிடிஏவோடு ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இருந்தவற்றில் பல உண்மையில் ஒற்றை இழையில் வேலை செய்பவை என்று தெரிந்தது. ஆக வடிவம் எழுத்தைவிட ஒரு படி மேல், அதையும் குழாயில் போட்டுப் பார்த்துத்தான் நம்பினார்கள்.

சும்மா_வாசகன்

படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்குகிறது. இணையத்தில் கிடக்கும் ஜீனோமில் யார் வேண்டுமானாலும் போட்டுலினத்தைத் தோண்டி எடுக்கலாம் என்றால் எப்படி?

ஆய்வகத்து_அப்பா

பயம் நியாயம்தான், தம்பி. துறைக்காரர்களுக்கும் அது உண்டு. 2013-ல் கலிஃபோர்னியாவில் புதிய போட்டுலினம் வகை ஒன்றைக் கண்டதாகச் சொன்னவர்கள், அதன் வரிசையை வெளியிடாமலே கட்டுரை வெளியிட்டார்கள். முறிமருந்து இல்லாத நச்சு, எவன் கையிலாவது சிக்கினால் என்ன ஆவது என்பது வாதம். பிறகு வரிசை வெளிவந்தபோது அது எஃப் வகையும் ஏ வகையும் கலந்த ஒட்டு என்று தெரிந்தது. இருக்கிற ஏ வகை முறிமருந்தே அதை அடக்கியது. என் கணிப்பில், வரிசையை மூடி வைத்ததால் குழப்பம் நீண்டதே தவிர யாருக்கும் பாதுகாப்பு கூடவில்லை.

2017-ல் போட்டுலினம் எக்ஸ் வந்தபோது வேறு மாதிரி நடந்துகொண்டார்கள். ஜப்பானில் 1990களில் ஒரு குழந்தையிடமிருந்து பிரித்த கிளாஸ்ட்ரிடியம் திரிபின் ஜீனோமில், தெரிந்த பி வகைக்குப் பக்கத்தில் இன்னொரு நச்சு ஜீன் இருந்தது. வரிசையை வெளியிட்டார்கள். ஆனால் செயல்படும் முழு நீள நச்சின் ஜீனை எந்தக் கிருமிக்குள்ளும் வைக்கவில்லை. நச்சை இரண்டு துண்டாகத் தனித்தனியே தயாரித்து, சோதனைக்குத் தேவையான சொற்ப அளவை மட்டும் சார்டேஸ் என்ற நொதியால் குழாயிலேயே ஒட்டினார்கள். அடுத்த வருடம் மாட்டுச் சாணத்திலிருந்து பிரித்த எண்டரோகாக்கஸில் இதன் உறவுக்கார நச்சு ஒன்றும் கிடைத்தது. கிளாஸ்ட்ரிடியத்தைத் தவிர வேறு எங்கும் தேடியிராத காலத்தில் அது எவன் கண்ணிலும் பட்டிருக்காது.

வரிசை தெரிவதற்கும் நச்சு கையில் இருப்பதற்கும் இடையே நிறைய வேலை இருக்கிறது. வரிசை தெரிந்தால்தான் முறிமருந்தும் செய்ய முடியும்.

கயல்_மண்வாசம்

எல்லோருக்கும் நன்றி. ஓரக்கண் சொன்னபடி பார்த்தேன். டிபிஎக்ஸ்ஜி இருக்கிறது, அதற்குப் பிறகு 134 அமினோ அமிலம். ஹெச்ஹெச்பிரெட்டில் போட்டால் முதல் ஹிட் ஒரு டிஎன்ஏ வெட்டும் நியூக்ளியேஸ், ஆனால் நிகழ்தகவு சுமார்தான். ஹெச்-என்-ஹெச் என்று சொல்லும் அந்த ஹிஸ்டிடின்கள் சரியான இடத்தில் நிற்கின்றன.

பக்கத்து ஜீன்தான் பிரச்சினை. நிறுத்தக் குறிக்குப் பிறகு 40 எழுத்து ஓடி, கான்டிக் (துண்டுகளை ஒட்டிக் கிடைத்த தொடர் வரிசை) அங்கேயே முடிகிறது. ஏடிஜிஏ இருக்கிறது, அதாவது அடுத்த ஜீன் தொடங்குகிறது, ஆனால் உள்ளே போக முடியவில்லை! தேன்மொழி அக்கா சொன்ன மாதிரி இது குளோனாக மறுத்த ஓட்டையா?

தேன்மொழி

இல்லை கயல், இல்லுமினாவில் ஈ. கோலை இடையில் வருவதே இல்லை, அதனால் நச்சு கொன்றதால் வந்த ஓட்டை அல்ல. ஆர்ஹெச்எஸ் பக்கம் இது வழக்கமான தொல்லை. அந்த ஜீனுக்குக் கீழே பழைய வால்களும் முறிவு ஜீன்களும் தனித்துண்டுகளாகக் கிடக்கும், கூடவே ஒரே மாதிரி எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். ரீடுகள் (படித்த துண்டுகள்) குட்டையாக இருப்பதால், அவற்றை ஒட்டும் மென்பொருளான அசெம்ப்ளர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிறுத்திவிடும். நீளமாகப் படிக்கும் நானோபோர் கருவி கிடைத்தால் ஒரே ரீடில் முழுசும் வந்துவிடும்.

ஓரக்கண்

நானோபோருக்குக் காசு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். அசெம்ப்ளி கிராஃப் ஃபைலை பேண்டேஜ் என்ற மென்பொருளில் திறந்து, உங்கள் கான்டிக்கின் முனையில் எந்தெந்தக் கான்டிக் ஒட்டுகிறது என்று பாருங்கள். இரண்டு மூன்றுதான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரைமர் ஜோடி போட்டு பிசிஆர் செய்தால் எது உண்மையான பக்கத்து வீடு என்று ஒரு ஜெல்லில் தெரிந்துவிடும். இது உங்கள் ஆய்வகத்திலேயே முடியும்.

முறிவு ஜீன் கிடைக்கும்வரை நச்சைத் தனியாக ஈ. கோலைக்குள் குளோன் செய்ய இறங்காதீர்கள். காலனியே வராது, வந்தால் அதில் ஜீன் உடைந்திருக்கும். அது கிடைத்த பிறகு இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்மிடில் (சிறு வட்ட டிஎன்ஏ) வையுங்கள். நச்சு அரபினோஸ் புரோமோட்டரில் (அரபினோஸ் சர்க்கரை போட்டால் ஜீனை முடுக்கும் பகுதி) இருக்கட்டும், தட்டில் முடுக்கும் நேரம் வரை குளுக்கோஸ் போட்டு அடக்கி வையுங்கள். ஹிஸ்டிடினை அலனினாக மாற்றிய பிரதி ஒன்றையும் முதல் நாளே ஆர்டர் செய்துவிடுங்கள்.

கயல்_மண்வாசம்

பேண்டேஜில் திறந்துவிட்டேன். முனையில் மூன்று கான்டிக் ஒட்டுகிறது. அதில் ஒன்றின் தொடக்கத்தில் அதே திசையில் 112 அமினோ அமிலத்துக்கு ஒரு ஓஆர்எஃப் (ஜீனாக இருக்கக்கூடிய பகுதி) ஓடுகிறது, பிளாஸ்ட்டில் ஹிட் இல்லை. மூன்றுக்கும் பிரைமர் டிசைன் செய்து கைடிடம் காட்டப் போகிறேன். ஜெல் படம் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.